கொல்லைக்கு எந்த விறகடுப்பு?

எங்கள் வீட்டில் காஸ் இருக்கிறது. காலைக் காப்பி முதல் ராத்திரி தோசை வரை அதில்தான் ஆகிறது. ஆனாலும் கொல்லையில் விறகடுப்பு இல்லாமல் அம்மாவுக்குச் சரிப்படாது. குளிக்க வெந்நீர், வருஷத்தில் நாலைந்து தடவை நெல் அவிப்பது, பொங்கல், விசேஷ நாளில் அண்டாச் சோறு எல்லாம் விறகில்தான். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்து எங்கள் பட்டுக்கோட்டைப் பக்கத்துத் தென்னந்தோப்புகள் படுத்துவிட்டபோது வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. சாலையெல்லாம் மரம் கிடந்ததால் சிலிண்டர் வண்டியும் வரவில்லை. அந்த நாட்களில் தெருவில் நாலு வீட்டுக்கு எங்கள் கொல்லை அடுப்புதான் சோறு ஆக்கிப் போட்டது.

போன வருஷம் அந்தப் பழைய அடுப்பு நடுவில் விண்டுபோனது. கொட்டகையையும் பிரித்துக் கட்ட வேண்டியிருந்தது. சரி, புதிதாக எதை வைப்பது? அம்மா அதே கொடியடுப்பே போதும் என்றாள். தம்பி ராக்கெட் அடுப்பு வாங்கலாம் என்றான். எனக்குப் புகைபோக்கி வைத்த அடுப்பு வேண்டும், ஏனென்றால் அம்மாவுக்கு மாசி பிறந்தால் வருகிற இருமல் ஆடி வரைக்கும் நிற்பதில்லை. ஆறு மாதம் விசாரித்தோம், தெரிந்தவர்கள் வீட்டு அடுப்புகளை எரித்துப் பார்த்தோம். இதே யோசனையில் இருப்பவர்களுக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

அலைந்து பார்த்ததில் எனக்குத் தெளிவானது இதுதான்: அடுப்பைத் தேர்ந்தெடுக்கும் முன் உங்கள் கொல்லையில் என்ன விறகு விழுகிறது என்று பாருங்கள். அந்த அடுப்பை மாதாமாதம் யார் தட்டித் துடைத்து வைத்துக்கொள்ளப் போகிறார்கள் என்பதையும் வீட்டில் பேசிவிடுங்கள். இது இரண்டும் முடிவானால் அடுப்பு ஏறக்குறைய தானே முடிவாகிவிடும்.

விறகிலிருந்து தொடங்குகிறேன். எங்களுக்கு விழுவது தென்னை. மட்டை, பாளை, பன்னாடை, உரித்த தேங்காய் மட்டை, கொட்டாங்கச்சி என்று வருஷம் முழுக்க வந்துகொண்டே இருக்கும், காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. ஆனால் தென்னை எரிபொருள் இடத்தை அடைக்கும், குபுகுபுவென்று பிடித்துச் சீக்கிரம் அடங்கும், கொஞ்சம் ஈரம் இருந்தாலும் கண்ணைக் கரிக்கிற புகை விடும். கடற்கரை ஓரம் இருப்பவர்களுக்குச் சவுக்கு கிடைக்கும். சவுக்குக்குப் பக்கத்தில் நிற்க வேறு விறகு கிடையாது. நேராகவும் ஒரே கனமாகவும் இருக்கும், நின்று எரியும். அந்தக் காலத்தில் சென்னை மாகாணத்து ரயில் எஞ்சின்களுக்கு எரிக்கவே சவுக்குத் தோப்பு போட்டார்கள். ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் என்றால் சீமைக்கருவேலம், முள்ளை வெட்டுகிற பாடுதான், அனலுக்குக் குறைவில்லை. முருங்கை, இலவு, ஒதியன் மாதிரி பஞ்சு மரங்களை நம்பி அடுப்பு மூட்ட வேண்டாம். அரளிக் குச்சியை எந்த அடுப்பிலும் வைக்கக் கூடாது, அதன் பால் மாதிரியே புகையும் விஷம். பெயின்ட் அடித்த பழைய பலகை, பிளைவுட் துண்டு, பால் கவர் இவற்றுக்கும் அடுப்பில் இடமில்லை.

எந்த மரமானாலும் காய்ந்திருக்க வேண்டும், பாதிப் புகை ஈரத்தால்தான் வருகிறது. அப்போது வெட்டிய பச்சை மரத்தின் எடையில் பாதிவரை தண்ணீர்தான். நெருப்பு முதலில் அந்தத் தண்ணீரை விரட்டுகிறது, பானைக்கு மிச்சம்தான் வருகிறது. பிளந்து, தரையைத் தொடாமல் பரண் மாதிரி அடுக்கி, மேலே மட்டும் தகரம் போட்டு, பக்கவாட்டில் காற்றாட விட்டு ஒரு கோடை முழுக்கக் காய்ந்தால் ஈரம் ஐந்தில் ஒரு பங்குக்குக் கீழே இறங்கிவிடும். அம்மா ஒரு சோதனை செய்வாள். இரண்டு துண்டுகளைக் கையில் எடுத்து ஒன்றோடொன்று தட்டுவாள். "ணங்"கென்று கேட்டால் அடுப்புக்கு, "தொப்"பென்று கேட்டால் திரும்ப வெயிலுக்கு. ஈரமானி வாங்கிப் பார்க்கலாம்தான். ஆனால் அவள் காது பிசகி நான் பார்த்ததில்லை.

இனி அடுப்புகள். கொடியடுப்பைத் தெரியாதவர்கள் இருக்க மாட்டார்கள். ஒரு வாய், மேலே ஒரு பெரிய குழி, பக்கத்தில் ஒட்டினாற்போல் சின்னக் கொடி. பெரியதில் சோறு கொதிக்கும்போது கொடியில் ரசம் சூடாகிக்கொண்டிருக்கும். செம்மண், வைக்கோல் துணுக்கு, உமி இருந்தால் வீட்டிலேயே பிடித்துவிடலாம், கைக்காசு செலவில்லை. எதைப் போட்டாலும் எரிக்கும், நீட்டு மட்டையை அப்படியே தள்ளலாம், அண்டாவின் கனத்தைத் தாங்கும். இப்படிப்பட்ட திறந்த அடுப்பில் விறகின் சூட்டில் நூற்றுக்குப் பத்திலிருந்து பதினைந்துதான் பானைக்குப் போகிறது. மிச்சம் வாய் வழியாகவும் பானை ஓரமாகவும் போய்விடும், மண்ணும் கொஞ்சம் குடித்துக்கொள்ளும்.

விறகு கூடுதலாக ஆகிறது என்பதை நான் பொறுத்துக்கொள்வேன், எங்களிடம் மட்டை குவிந்து கிடக்கிறது. புகையைத்தான் பொறுக்க முடியாது. சென்னை போரூர் ஸ்ரீராமச்சந்திரா மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் தமிழ்நாட்டின் நான்கு மாவட்டங்களில் நானூறுக்கும் மேற்பட்ட கிராமத்து வீடுகளில் காற்றை அளந்து 2002ல் வெளியிட்டார்கள். விறகும் வறட்டியும் எரிகிற நேரத்தில் ஒரு கன மீட்டர் காற்றில் 500 முதல் 2000 மைக்ரோகிராம் வரை நுரையீரலுக்குள் போகக்கூடிய துகள்கள் இருந்தன. உலக சுகாதார நிறுவனம் நுண்துகளுக்கு ஒரு நாள் சராசரியாக வைத்திருக்கும் வரம்பு 15 மைக்ரோகிராம். இரண்டையும் அளக்கும் முறை ஒன்றல்ல, சமைக்கும் நேரமும் ஒரு நாள் முழுதும் ஒன்றல்ல. இருந்தாலும் எவ்வளவு தூரம் என்று புரிகிறது அல்லவா? கர்ப்பிணியும் கைக்குழந்தையும் உள்ள வீட்டில், மூடிய அடுப்படிக்குள் திறந்த விறகடுப்பு வேண்டவே வேண்டாம். இதில் எனக்கு இரண்டாவது எண்ணம் கிடையாது.

அடுத்தது புகைபோக்கி அடுப்பு. இதன் கதை நீளமானது. வார்தாவில் காந்தியப் பொருளாதார அறிஞர் ஜே.சி.குமரப்பா நடத்திவந்த அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கத்தின் மகன்வாடி வளாகத்தில் 1940களிலேயே, அந்த வளாகத்தின் பெயரிலேயே 'மகன்' அடுப்பு என்று ஒன்று செய்தார்கள். குமரப்பா நம் தஞ்சாவூர்க்காரர். 1950களில் ஹைதராபாத்தில் எஸ்.பி.ராஜு ஒரு புகையில்லா அடுப்பைக் கொண்டுவந்தார். கேரளத்தில் மக்கள் அறிவியல் இயக்கமான சாஸ்திர சாகித்ய பரிஷத் 1980களில் பரப்பிய பரிஷத் அடுப்பை நாகர்கோவில், பாலக்காட்டுப் பக்கம் இன்னமும் பார்க்கலாம். மத்திய அரசும் 1980களில் தேசியத் திட்டம் போட்டு ஊர் ஊராகக் கட்டியது. அப்படிக் கட்டியவை எங்கே என்று தேடினால் குழாய் ஒடிந்த திண்ணையாகத்தான் பல வீடுகளில் கிடக்கும்.

எங்கள் பெரியம்மா வீட்டிலும் அப்படி ஒன்று கட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். எப்படிச் சுத்தம் செய்வது என்று யாரும் சொல்லவில்லை. முதல் வருஷம் அடுப்படி பளிச்சென்று இருந்தது. இரண்டாம் வருஷம் புகை அடுப்பு வாய் வழியாகத் திரும்பி வர ஆரம்பித்தது. பெரியம்மா குழாய்க்குப் போகும் துளையை மண் வைத்து அடைத்துவிட்டு, பழையபடி ஊதுகுழலை எடுத்துக்கொண்டாள். பல வருஷம் கழித்து அந்தக் குழாயைக் கழற்றியபோது நான் பக்கத்தில் இருந்தேன். உள்ளே கை நுழையாத அளவுக்குக் கரி. வெளிப்பக்கம் பஞ்சு மாதிரி உதிர்ந்தது, உள்பக்கம் தார் மாதிரி மினுமினுத்துக் குழாயோடு ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டினால் கண்ணாடிச் சில்லு போல் பெயர்ந்தது. நாலு அங்குலக் குழாயில் கட்டைவிரல் நுழைகிற ஓட்டைதான் மிச்சம். அந்தத் தார்க்கரி தீப்பிடித்தால் குழாயே கொள்ளிக்கட்டை ஆகிவிடும், கூரை வீடாக இருந்தால் கேட்கவே வேண்டாம்.

இது பெரியம்மா வீட்டுக் கதை மட்டும் இல்லை. பொருளாதார ஆய்வாளர்கள் ரேமா ஹன்னா, எஸ்தர் டஃப்லோ, மைக்கேல் கிரீன்ஸ்டோன் மூவரும் ஒடிசா கிராமங்களில் புகைபோக்கி அடுப்பு கொடுத்த வீடுகளை நாலு வருஷம் வரை தொடர்ந்து பார்த்தார்கள். முதல் வருஷம் புகையைச் சுவாசிப்பது குறைந்தது. அப்புறம் அந்த வித்தியாசம் காணாமல் போனது. உடைந்ததை ஒட்டவில்லை, குழாயைத் தட்டவில்லை, போகப்போக அந்த அடுப்பைப் பயன்படுத்துவதையே குறைத்துவிட்டார்கள். படித்ததும் நான் தம்பியிடம், "குழாய் தட்ட நீ வருவேன்னு சொல்லு, அப்பத்தான் இதைக் கட்டலாம்" என்றேன்.

கட்டுவதாக இருந்தால் சிலதைக் கொத்தனாரிடம் விடாப்பிடியாகச் சொல்ல வேண்டும். குழாய் நேராக மேலே போகட்டும். சுவருக்கு வெளியே வளைத்து எடுத்தால் ஒவ்வொரு வளைவிலும் கரி சேரும். கூரை முகட்டுக்கு மேலே இரண்டு மூன்று அடி நிற்க வேண்டும், குறைந்தால் காற்றடிக்கும்போது புகை கீழே இறங்கும். மேலே மழைத்தொப்பி வேண்டும். அடியில் கை நுழைகிற அளவுக்கு ஒரு சின்னக் கதவு வைத்தால்தான் தட்டிய கரியை அள்ளலாம். மரச்சட்டத்துக்கும் குழாய்க்கும் நடுவில் தாராளமாக இடைவெளி விடுங்கள். பிவிசி குழாயைச் செருகி வைத்திருப்பதைச் சில வீடுகளில் பார்த்தேன், அது உருகும், எரியும். ஆஸ்பெஸ்டாஸ் குழாய் மலிவுதான், ஆனால் அதைச் சுரண்டும்போது வருகிற தூசி நெஞ்சுக்குக் கேடு. இரும்புத் தகட்டுக் குழாயே நல்லது, துருப்பிடித்தால் மாற்றிக்கொள்ளலாம்.

இன்னொன்று. புகைபோக்கி வைத்தால் விறகு மிச்சமாகும் என்று நினைக்காதீர்கள். குழாய் அதிகமாக இழுத்தால் சூட்டையும் சேர்த்து வெளியே கொண்டுபோகும். புகை வெளியேறுவதுதான் இதில் லாபம்.

விறகு மிச்சம் வேண்டும் என்றால் ராக்கெட் அடுப்பு. அமெரிக்காவில் ஒரிகன் மாநிலத்து அப்ரோவெச்சோ ஆய்வு மையத்தில் லாரி வினியார்ஸ்கி 1980களின் தொடக்கத்தில் வடிவமைத்தது. ஆங்கில எழுத்து 'எல்' போல ஒரு குழாய், படுத்த பக்கம் விறகு, நிற்கிற பக்கத்தின் தலையில் பானை. நிற்கிற பகுதி அகலத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு உயரம் இருக்கும். அந்த உயரத்துக்குள்ளேயே புகை எரிந்துபோகிறது. சுற்றிலும் சூட்டைத் தடுக்கிற லேசான பொருள் இருக்க வேண்டும். இங்கேதான் வீட்டில் செய்து பார்ப்பவர்கள் பலர் தவறு செய்கிறார்கள். கெட்டியான களிமண்ணும் செங்கல்லும் சூட்டைத் தடுப்பதில்லை, உறிஞ்சிக்கொள்கின்றன. சாம்பலை அடைப்பது நல்லது, உமி நிறையக் கலந்து சுட்ட கல்லும் நல்லது. உமி எரிந்துபோய் விட்ட காற்றுக் குழிகள்தான் சூட்டைத் தடுக்கும்.

தம்பியின் நண்பர் வீட்டிலிருந்து ஒன்றை வாங்கிவந்து பத்து நாள் வைத்திருந்தோம். விரல் கனச் சவுக்குக் குச்சி வைத்தால் அழகாக எரிந்தது, பானை அடியில் கரிகூட அதிகம் இல்லை. கடையில் வாங்குகிறவர்கள் விறகடுப்புக்கான இந்தியத் தரமான ஐஎஸ் 13152 முத்திரையைப் பாருங்கள். விசிறி இல்லாத அடுப்பு குறைந்தது 25 சதவீதமும், விசிறி வைத்தது 35 சதவீதமும் சூட்டைப் பானைக்குக் கொடுக்க வேண்டும் என்பது அந்தத் தரம்.

நான் ஒரு கணக்கு போட்டேன். நாலு பேர் குளிக்க 80 லிட்டர் தண்ணீரைக் குளிர் போக்கி இளஞ்சூடாக்கத் திறந்த அடுப்பில் இரண்டே முக்கால் கிலோ நல்ல காய்ந்த விறகு ஆகும். 25 சதவீத அடுப்பில் ஒன்றரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேல். விறகைக் காசு கொடுத்து வாங்குகிற வீட்டில் இது மாதாமாதம் கையில் தெரியும்.

ஆனால் எங்கள் தென்னை மட்டைக்கு அது ஒத்துவரவில்லை. மட்டையைச் சாண் நீளத்துக்கு வெட்டி, பிளந்து, பக்கத்திலேயே உட்கார்ந்து தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். நெல் அவிக்கிற அண்டாவை அதன் தலையில் ஏற்ற முடியாது. அதைவிடப் பெரிய விஷயம், தென்னையில் பொட்டாசியமும் குளோரினும் அதிகம். அந்தச் சாம்பலும் ஆவியும் நல்ல சூட்டில் உள்தகட்டை அரித்துத் தின்னும். நண்பர் வீட்டு அடுப்பில் உள்தகட்டின் ஒரு பக்கம் அப்பளம் மாதிரி பொரிந்து உதிர்ந்திருந்தது, அவர்களும் கொட்டாங்கச்சிதான் எரிக்கிறார்கள். தகட்டைத் தனியாகக் கழற்றி மாற்ற முடிகிற மாடலாகப் பார்த்து வாங்குங்கள். சவுக்கோ கருவையோ கிடைக்கிற, இரண்டு மூன்று பேர் உள்ள வீட்டுக்கு நான் தயங்காமல் சொல்வது ராக்கெட் அடுப்பைத்தான்.

விசிறி வைத்த அடுப்பை நீண்ட நேரம் பேச வேண்டியதில்லை. அடியிலும் மேலேயும் சின்ன விசிறி காற்று ஊதுவதால் விறகிலிருந்து வரும் வாயுவே நீலமும் மஞ்சளுமாக எரியும், மூட்டிய முதல் சில நிமிஷம் தவிர புகையே தெரியாது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் உருவாகி 2006 வாக்கில் விற்பனைக்கு வந்த ஊர்ஜா அடுப்பு இந்த வகைதான், தமிழ்நாட்டிலும் நிறையப் பேர் வாங்கினார்கள். ஆனால் அதற்கு அழுத்திச் செய்த வில்லைகள் வேண்டும். வில்லை விலை ஏறியதும், கிடைப்பது நின்றதும் அடுப்புகள் பரணுக்குப் போயின. விறகு உங்கள் கொல்லையில் இருந்து, எரிபொருள் மட்டும் கடையிலிருந்து வர வேண்டுமென்றால் அப்புறம் காஸ் அடுப்புக்கு என்ன குறை? மரத்தூள் அடுப்பும் அப்படித்தான். நடுவில் பாட்டிலை நிறுத்திச் சுற்றிலும் தூளை இறுக்கி எரிப்பது, மர அறுவை மில் பக்கத்தில் இருந்தால் வெந்நீருக்கு அருமை, இல்லையென்றால் வேண்டாம். வெந்நீர் மட்டுமே தேவை என்றால் நடுவில் குழாய் வைத்த செம்பு பாய்லர் போதும். கொட்டாங்கச்சி போட்டால் அரை மணியில் கொதித்துவிடும்.

கடைசியில் நாங்கள் கட்டியது மண் அடுப்பு. இரண்டு குழி, புகைபோக்கி, வாய்க்குள் இரும்புக் கம்பித் தட்டு. கம்பித் தட்டு வைக்கச் சொன்னது அம்மாதான். விறகு தரையில் படுக்காமல் ஒரு சாணுக்கும் குறைவான உயரத்தில் நிற்பதால் அடியிலிருந்து காற்று ஏறுகிறது, ஊதுகுழலுக்கு வேலை குறைந்துவிட்டது. கொட்டகை மூன்று பக்கம் திறந்தது, ஓட்டுக்கூரை. நெல் அவிக்க அதற்குப் பக்கத்திலேயே பழைய முறையில் மூன்று மண்கட்டி வைத்த கோட்டையடுப்பு, அண்டா ஏற்றுகிற பெரிய திறந்த அடுப்பு, வருஷத்தில் ஐந்து நாள்தானே. செங்கல், இரும்புக் குழாய், கொத்தனார் கூலி எல்லாம் சேர்த்து எங்களுக்கு நாலாயிரத்துச் சொச்சம் ஆனது.

காஸை நிறுத்தும் யோசனை எங்களுக்கு இல்லை. 14.2 கிலோ சிலிண்டர் தருகிற சூட்டைத் திறந்த அடுப்பில் எடுக்க நூற்றைம்பது கிலோவுக்கு மேல் விறகு வேண்டும், அவ்வளவையும் எரித்துப் புகையைக் குடிப்பதில் யாருக்கு என்ன லாபம்? தாளிப்பு, காப்பி, குழந்தைக்குப் பால் எல்லாம் காஸில். நேரம் பிடித்து வேகிறது, நிறைய வேகிறது மட்டும் விறகில்.

பராமரிப்பு இப்படி நடக்கிறது. அடுப்பு நன்றாக ஆறியதும் சாம்பலை அள்ளுகிறோம், முழுக்க இல்லை, அடியில் ஒரு விரல் கனம் விட்டுவிடுவோம். அள்ளிய சாம்பல் மூடியுள்ள தகர டின்னில் இரண்டு நாள் இருக்கும். ஆறிவிட்டது என்று நினைத்த சாம்பலுக்குள் கங்கு உயிரோடு கிடக்கும், வைக்கோல் போர் பக்கம் கொட்டி எரிந்த வீடு எங்கள் ஊரிலேயே உண்டு. இரண்டு நாளுக்குப் பின் அது தென்னைக்குப் போகிறது, நல்ல சாம்பல் சத்து. யூரியாவோடு சேர்த்து மட்டும் போடுவதில்லை, தழைச்சத்து ஆவியாகிப் போய்விடும். வெள்ளிக்கிழமை தோறும் சாணமும் செம்மண்ணும் கரைத்து மெழுகும்போது விரிசல் இருந்தால் தெரிந்துவிடும், அம்மா உமி கலந்த மண்ணை ஈரமாகத் தேய்த்து அடைத்துவிடுவாள். சூடாக இருக்கும்போது தண்ணீர் தெளித்து அணைக்க அம்மா யாரையும் விடுவதில்லை. எங்கள் பழைய அடுப்பு விண்டதே அதனால்தான். எரிகிற விறகை வெளியே இழுத்து மணலில் குத்தி அணைக்க வேண்டும். நெருப்புக் கங்குகளை அள்ளி அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு குளிர் காய்வதும் கூடாது. புகை வராவிட்டாலும் கார்பன் மோனாக்சைடு வரும், மலைப்பக்கத்து விடுதிகளில் அப்படி உயிர் போன செய்திகளைப் படித்திருப்பீர்கள்.

குழாய் தட்டுவது தம்பி பொறுப்பு. மாதத்தின் முதல் ஞாயிறு காலையில், அடுப்பு மூட்டும் முன், காய்ந்த பாளையின் நுனியை நார் நாராகக் கிழித்து, கயிற்றில் கட்டி, கீழே ஒரு கல்லையும் தொங்கவிட்டு, மேலிருந்து இறக்கி நாலைந்து தடவை இழுப்பான். முகத்தில் துணி கட்டிக்கொள்வான். கீழே கதவைத் திறந்து நான் கரியை அள்ளுவேன். போன மாதம் மழையில் மட்டை நனைந்ததால் ஒரு படி கரி வந்தது. இந்த மாதம் காய்ந்த விறகு, ஒரு கைப்பிடிதான். "ஒரு கைப்பிடிதானே, அடுத்த மாசம் விட்டுடலாமா?" என்று கேட்டான். அம்மா காதில் விழுந்துவிட்டது. அப்படியே கயிற்றை வாங்கி, மறுபடி ஒருமுறை இறக்கச் சொல்லி அவன் கையிலேயே கொடுத்தாள்.